மழையில் காரின் பிடிப்பு: டயர், டிராக்ஷன் கன்ட்ரோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும்தான் மழை அதிகம். அந்த மாதங்களில் டயர் கடைகளிலும் கராஜ்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். சிறிய ஜப்பானிய, இந்தியக் கார்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். நகரத்தில் பெரும்பாலும் ஓடுபவை அவைதான்.

டிராக்ஷன் கன்ட்ரோல் இருக்கும் கார் மழையில் வழுக்காது என்கிறார்களே, உண்மையா?

இல்லை, வழுக்கும். டிராக்ஷன் கன்ட்ரோலால் புதிதாகப் பிடிப்பை உண்டாக்க முடியாது. டயருக்கும் தாருக்கும் இடையில் இருக்கிற பிடிப்பை என்ஜின் மீறிவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

ஒவ்வொரு சில்லிலும் ஒரு வேக சென்சர் இருக்கிறது. முன்சில்லுகள் இழுக்கும் காரில், முன்சில்லு ஒன்று பின்சில்லுகளைவிட வேகமாகச் சுழலத் தொடங்கினால், அது சறுக்குகிறது என்று காரின் கணினி புரிந்துகொள்கிறது. உடனே என்ஜினின் விசையைக் குறைக்கிறது. தேவைப்பட்டால் சறுக்கும் சில்லின் பிரேக்கை மட்டும் இறுக்கி, விசை மற்றச் சில்லுக்குப் போகும்படி செய்கிறது. இவை எல்லாம் நீங்கள் அக்சிலரேட்டரை மிதிக்கும்போது நடப்பவை. பிரேக் மிதிக்கும்போது டிராக்ஷன் கன்ட்ரோலுக்கு வேலை இல்லை. மழையில் நடக்கும் மோதல்களில் பல, முன்னால் போகும் வாகனத்துக்குப் பின்னால் நிற்க முடியாமல் போவதால் நடப்பவை. அங்கே காப்பாற்றுவது டயரும், ஏபிஎஸ்ஸும், நீங்கள் விட்ட இடைவெளியும்தான்.

அப்படியானால் ஏபிஎஸ், வீஎஸ்சி, டிஆர்சி எல்லாம் வெவ்வேறா?

மூன்றும் ஒரே சென்சர்களையும் ஒரே பிரேக் பம்பையும் பகிர்ந்துகொள்கின்றன, ஆனால் வேலை வேறு. பிரேக் அடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ். புறப்படும்போதும் வேகமெடுக்கும்போதும் சில்லு சும்மா சுழலாமல் தடுப்பது டிராக்ஷன் கன்ட்ரோல்; டொயோட்டா அதை டிஆர்சி என்கிறது. வளைவில் கார் திரும்ப வேண்டிய திசையை விட்டு விலகினால், தனித்தனிச் சில்லுகளின் பிரேக்கைப் பிடித்து அதை நேராக்குவது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். டொயோட்டாவில் அதன் பெயர் வீஎஸ்சி, ஹொண்டாவில் வீஎஸ்ஏ, சுசுகியில் ஈஎஸ்பி. இதற்கு ஸ்டியரிங் கோணத்தை அளக்கும் சென்சரும், கார் சுழலும் வேகத்தை அளக்கும் சென்சரும் கூடுதலாகத் தேவை.

உயிரைக் காப்பதில் இவற்றுள் முதலிடம் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலுக்குத்தான். பழைய கார் வாங்கும்போது சன்ரூஃப், அலோய் வீல் என்று பார்ப்பதற்கு முன் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

என் காரில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ‘ஒன்’ நிலைக்குத் திருப்புங்கள். புஷ் ஸ்டார்ட் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். கார் படமும் அதன் கீழே நெளிந்த இரண்டு கோடுகளும் கொண்ட மஞ்சள் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைந்தால், இருக்கிறது. எரியவே இல்லை என்றால், ஒன்று காரில் அது இல்லை, அல்லது பழுதை மறைக்க யாரோ அந்த விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டாவது நிலைமை பழைய கார்ச் சந்தையில் அபூர்வமானது அல்ல. டாஷ்போர்டில் அதே படம் போட்ட பொத்தான் இருந்தும் விளக்கு எரியாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

ஜப்பானில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் 2012 ஒக்டோபரிலிருந்துதான் படிப்படியாகக் கட்டாயமானது. கெய் எனப்படும் ஜப்பானின் மிகச் சிறிய வகைக் கார்களுக்கு அதற்கும் பிறகு. ஆகவே அதற்கு முந்திய விட்ஸ், அக்ஸியோ போன்றவற்றில் கிரேடைப் பொறுத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தியாவிலிருந்து வந்த பழைய ஆல்டோக்கள் பலவற்றில் ஏபிஎஸ்கூட இல்லை. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால், வீதியில் ஓடும் கார்களில் பெரும்பகுதிக்கு வயதாகிவிட்டது. அவற்றில் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது அவசியம்.

ஓடும்போது அந்த விளக்கு மின்னுகிறது. பழுதா?

மின்னி மின்னி அணைந்தால் பழுது அல்ல. அந்த நொடியில் டிராக்ஷன் கன்ட்ரோலோ ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலோ வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் அது ஒரு செய்தியும்கூட. சாதாரண மழையில், சாதாரணமாகப் புறப்படும்போதே அடிக்கடி மின்னினால், முதலில் முன் டயர்களைப் பாருங்கள். மின்னாமல் தொடர்ந்து எரிந்துகொண்டிருந்தால் ஒன்று பொத்தானால் அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது பழுது. ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிச்சயம் பழுதுதான்.

டயரின் தரம் உண்மையில் எவ்வளவு வித்தியாசம் தரும்? கணக்காகச் சொல்ல முடியுமா?

முடியும். நல்ல டயர், காய்ந்த தார் என்றால் உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பைக் காட்டும் எண், சுமார் 0.8. அதே டயருக்கு நனைந்த தாரில் 0.5 அளவு. தேய்ந்த டயர், எண்ணெய்ப் படலம் படிந்த ஈர வீதி என்றால் 0.3 வரை இறங்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்க முதலாவதில் ஏறக்குறைய 12 மீற்றர் எடுக்கும். இரண்டாவதில் 20 மீற்றர். மூன்றாவதில் 33 மீற்றர். பிரேக்கில் கால் போக எடுக்கும் ஒரு விநாடியில் கடக்கும் 14 மீற்றரை இதில் சேர்க்கவில்லை.

வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், ஈரத்தில், நல்ல டயரோடு நிற்க ஏறத்தாழ 79 மீற்றர் தேவை. டயர் மோசம் என்றால் 130 மீற்றரையும் தாண்டும். மழைக்காக வேக எல்லையைக் குறைத்து அறிவிப்புப் பலகை எரியும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல டயர் ஈரத்தில் ஏன் பிடிக்கிறது? வெறும் பள்ளங்களா காரணம்?

இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: தண்ணீரை வெளியேற்றுவது பள்ளம், நீர் விலகிய பின் தாரைப் பிடிப்பது ரப்பர். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பயனில்லை.

பள்ளத்தின் வேலையைப் பார்ப்போம். வீதியில் 3 மி.மீ. தண்ணீர் நிற்கிறது, டயரின் அகலம் 175 மி.மீ., வேகம் மணிக்கு 80 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு டயர் ஒவ்வொரு விநாடியும் கிட்டத்தட்ட 12 லீற்றர் தண்ணீரை வழியிலிருந்து விலக்க வேண்டும். புதிய டயரின் பள்ளம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. ஆழம். அது 3 மி.மீ. ஆகும்போது நீர் போக இடம் பாதிக்கும் குறைவு.

ரப்பரின் வேலை இன்னும் நுட்பமானது. தாரில் உள்ள சிறு கற்களின் மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் நெளிந்து இறங்கி, நெளியும்போது சக்தியை உள்வாங்க வேண்டும். அந்த உள்வாங்கல்தான் ஈரத்தில் நமக்குக் கிடைக்கும் பிடிப்பின் பெரும்பகுதி. ஆனால் அதே உள்வாங்கல் சாதாரண ஓட்டத்தில் எரிபொருளைத் தின்னும். இந்த முரண்பாட்டைத் தணித்தது சிலிக்கா. டயர் ரப்பரில் வழக்கமாகக் கலக்கும் கரித்தூளின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்தால், மெதுவாக உருளும்போது இழப்பு குறைந்து, வழுக்கும் தருணத்தில் பிடிப்பு கூடுகிறது. மிஷலின் இதை 1990களின் தொடக்கத்தில் கார் டயர்களில் கொண்டுவந்தது; இன்று நல்ல டயர்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவில் சிலிக்கா உண்டு. மிக மலிவான டயர்களில் மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இந்தக் கலவையில்தான். பள்ளத்தின் வடிவத்தை யாரும் பார்த்து நகலெடுக்கலாம். கலவை கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கடையில் வைத்துப் பார்க்கும்போது மலிவு டயரும் நல்ல டயரும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

கடையில் நிற்கும்போது டயரின் ஈரப்பிடிப்பை எப்படி அறிவது?

ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் மேகமும் டயரும் உள்ள படத்தைத் தேடுங்கள். 2021 மே முதல் நடைமுறையில் உள்ள லேபிளில் ஈரப்பிடிப்பு ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்பு. ஒரு பொதுவான ஒப்பீட்டு டயரோடு ஒப்பிட்டு இதை அளக்கிறார்கள். ஏ என்றால் சுட்டெண் 1.55 அல்லது அதற்கு மேல். டி வகுப்பு 1.10இல் தொடங்குகிறது. அதாவது ஏ டயர் 30 மீற்றரில் நிற்கும் இடத்தில் டி வகுப்பின் கடைசி டயர் ஏறக்குறைய 42 மீற்றர் எடுக்கும். இரண்டும் புதிய டயர்கள்!

ஜப்பானியச் சந்தைக்கான டயரில் வேறு லேபிள். உருளும் எதிர்ப்புக்கு பெரிய எழுத்தும், ஈரப்பிடிப்புக்கு சிறிய ஏ, பி, சி, டி எழுத்துகளும் இருக்கும். ஹைபிரிட் காரர்கள் எரிபொருள் பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குவது வழக்கம். ஈரப்பிடிப்பு சி என்றால் யோசியுங்கள்.

லேபிள் எதுவும் இல்லையா? டயரின் பக்கச் சுவரில் ‘டிராக்ஷன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்று அமெரிக்கத் தரக்குறி பொறித்திருக்கலாம். நனைந்த தாரில் நேராகப் பிரேக் பிடித்து அளப்பது அது. ஏஏ அல்லது ஏ வாங்குங்கள். பி போட்ட டயரைக் கொழும்பு மழைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘ட்ரெட்வேர்’ எண் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைச் சொல்வது. அது 600, 700 என்று உயர்ந்திருப்பதைப் பார்த்து மட்டும் தெரிவு செய்யாதீர்கள். நீண்ட நாள் உழைக்கும் கடினமான ரப்பர் ஈரத்தில் விட்டுக்கொடுக்கும் வாய்ப்பு அதிகம்.

டயரின் வயதை எப்படிப் பார்ப்பது? பள்ளம் நிறைய இருக்கிறதே, மாற்ற வேண்டுமா?

பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுக் குறியீடு இருக்கும். வெளியே தெரியாவிட்டால் உள்பக்கத்தில் இருக்கும்.

நமது வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடுகிறது. வார இறுதியில் மட்டும் ஓடும் கார், பள்ளம் 6 மி.மீ. இருக்க, ஈரத்தில் சோப்பு நுரையில் போவது போல வழுக்குவது இதனால்தான். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். விரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை, பள்ளத்தின் அடியிலோ பக்கச் சுவரிலோ மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன என்றால் மாற்றிவிடுங்கள். எப்படி இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் எந்த டயரும் வேண்டாம். நமது நிலைமைக்கு ஆறு, ஏழு வருடமே போதும் என்பது எங்கள் கருத்து.

எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்?

பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். இடத்தைக் காட்டப் பக்கச் சுவரில் முக்கோணக் குறி உண்டு. அந்த மேடு ட்ரெட்டின், அதாவது தாரில் படும் மேற்பரப்பின், மட்டத்துக்கு வந்துவிட்டால் பள்ளம் 1.6 மி.மீ. மட்டுமே மிச்சம். அது கடைசி எல்லை. மழைக்கு அது மிகத் தாமதம். 3 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றுங்கள், அல்லது குறைந்தது மே மாதத்துக்கு முன்னும் ஒக்டோபருக்கு முன்னும் அளந்து பாருங்கள். ட்ரெட் ஆழம் அளக்கும் சிறு கருவி பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உள் ஓரத்தை மறந்துவிடுவார்கள். அலைன்மென்ட் (சில்லுகள் நிற்கும் கோணம்) கெட்ட கார்களில் அங்கேதான் மொட்டையாகியிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, முன் டயரின் உள் பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

ரீகண்டிஷன் காரோடு ஜப்பானிலிருந்து வந்த டயர் நல்லது என்று விற்றவர் சொன்னார்.

அது எந்த வகை டயர் என்று முதலில் பாருங்கள். ஜப்பானில் குளிர்காலத்துக்கு ஸ்டட்லெஸ் எனப்படும் பனி டயர் போடுவார்கள். பிரிட்ஜ்ஸ்டோனின் ப்ளிசாக், யோகஹாமாவின் ஐஸ்கார்ட் போன்றவை. சில கார்கள் அவற்றோடே இங்கே வந்து இறங்குகின்றன. பக்கச் சுவரில் ‘ஸ்டட்லெஸ்’ என்று எழுதியிருக்கும். ட்ரெட் கட்டைகளில் நெருக்கமாக மெல்லிய நெளிக் கீறல்கள் நிறைந்திருக்கும். பார்க்க முரட்டுப் பிடிப்புள்ளதாகத் தோன்றும். உண்மையில் 30 பாகை வெப்பத்தில் அந்த மென்மையான ரப்பர் தளர்ந்து, கட்டைகள் மடிந்து, நனைந்த தாரில் பிரேக் தூரம் சாதாரண டயரைவிட நீளும். தேய்வும் வேகம். இலவசமாக வந்தது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாவித்த டயர் வாங்குவதை நாங்கள் பொதுவாகவே தவிர்க்கச் சொல்வோம். அதிலும் மொட்டை டயரின் பள்ளத்தைச் சூடான கத்தியால் ஆழமாக வெட்டிப் புதிதுபோல விற்பதைக் கவனியுங்கள். தேய்வுக் காட்டி மேடுகள் வெட்டப்பட்டிருக்கும், பள்ளத்தின் அடி ஒரே சீராக இருக்காது. அப்படி வெட்டினால் கம்பிப் பட்டைக்கு மேலே மிச்சம் இருக்கும் ரப்பர் காகித அளவாகிவிடும்.

காற்றழுத்தத்தைக் குறைத்தால் மழையில் பிடிப்பு கூடுமா?

இது நெடுநாளாகச் சொல்லப்படும் தவறான ஆலோசனை. மணலில் புதைந்தால் காற்றைக் குறைப்பது சரி. நீரில் அது நேர்மாறு. காற்றுக் குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, அதன் கீழே தண்ணீர் தேங்குகிறது.

1963இல் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்ட ஒரு கணக்கு இன்றும் பாவிக்கப்படுகிறது: பிஎஸ்ஐ அளவிலான காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.7ஆல் பெருக்கினால், டயர் நீரின் மேல் முழுவதும் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு கிலோமீற்றரில் கிடைக்கும். 32 பிஎஸ்ஐ என்றால் சுமார் 94 கி.மீ. 24 பிஎஸ்ஐ என்றால் 82 கி.மீ. 20 என்றால் 75 கி.மீ. பள்ளங்கள் நிரம்பி வழியும் அளவுக்கு நீர் நிற்கும்போது, அல்லது டயர் மொட்டையாக இருக்கும்போது பொருந்தும் கணக்கு இது. கார் டயரில் துல்லியமாக இதே எண் வரும் என்றில்லை. ஆனால் திசை இதுதான்: காற்றுக் குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும்.

சரியான அளவு சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஜப்பானிய ஸ்டிக்கரில் கிலோபாஸ்கல் கணக்கு: 220 என்பது 32 பிஎஸ்ஐ, 230 என்பது 33, 240 என்பது 35, 250 என்பது 36. டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். நெரிசலில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டுப் பெற்றோல் ஷெட்டில் அளந்தால் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன் அடித்தால் ஈரப்பிடிப்பு கூடாது.

இரண்டு புதிய டயர் வாங்க மட்டுமே காசு இருக்கிறது. எங்கே போடுவது?

பின்னால்.

கொழும்பில் பத்துக் கடையில் ஒன்பது, முன்சில்லு இழுக்கும் கார் என்றால் புதியதை முன்னால்தான் போட்டுவிடும். காரணம் கேட்டால் முன்னால்தான் சீக்கிரம் தேய்கிறது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் ஈரத்தில் ஆபத்து வேறு. முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகும். அக்சிலரேட்டரை விட்டால் பிடிப்பு திரும்ப வாய்ப்புண்டு, ஸ்டியரிங்கிலும் அது தெரியும். பின் டயர் வழுக்கினால் எச்சரிக்கையே இல்லாமல் கார் சுழலும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாத காரில் அதைச் சமாளிப்பது பெரும்பாலான சாரதிகளுக்கு முடியாத காரியம். பெரிய டயர் நிறுவனங்கள் புதிய சோடியைப் பின்னால் போடச் சொல்வது இதனால்தான். இருக்கிறவற்றில் நல்லது இரண்டையும் பின்னால் வைத்து, பழையது 3 மி.மீ.க்குக் கீழே என்றால் அதையும் சீக்கிரம் மாற்றத் திட்டமிடுங்கள். ஒரே அச்சில் இரண்டு வேறு பிராண்ட், வேறு தேய்வு ஒருபோதும் வேண்டாம். இடமும் வலமும் வித்தியாசமாகச் சுழன்றால் டிராக்ஷன் கன்ட்ரோலும் குழம்பும்.

அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடுமா?

காய்ந்த வீதியில் கொஞ்சம். நீர் நிற்கும் வீதியில் அகலம் கூடக் கூட விலக்க வேண்டிய நீரும் கூடும், மிதப்பும் முந்தும். ஸ்டிக்கரில் உள்ள அளவிலேயே இருங்கள். பணத்தை அகலத்தில் போடாமல் ரப்பரில் போடுங்கள்.

மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம்தான் அதிகம் வழுக்குகிறது. ஏன்?

நாட்கணக்கில் படிந்த எண்ணெய், டீசல், ரப்பர்த் தூள், புழுதி எல்லாம் முதல் தூறலில் கரைந்து ஒரு மெழுகுப் படலமாகின்றன. பெருமழை அதைக் கழுவி வடிகானுக்குக் கொண்டுபோன பிறகு நிலைமை ஓரளவு தேறும். தூறலோடு நின்றுவிடும் மழையே பிடிப்புக்கு மோசம்.

பஸ் தரிப்பிடங்கள், சந்தி விளக்குகளுக்கு முன்னால் உள்ள இருபது முப்பது மீற்றர், ரவுண்டபவுட்கள் ஆகிய இடங்களில் எண்ணெய் அதிகம். வெள்ளைக் கோடுகளும் மஞ்சள் கடவையும் தாரைவிட வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். நுகேகொடை போன்ற இடங்களில் ரயில் கடவையைத் தாண்டும்போது தண்டவாளத்தின் மேல் அக்சிலரேட்டரை மிதித்தால் டிராக்ஷன் விளக்கு உடனே மின்னும். ஹைபிரிட்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு விசையைத் தந்துவிடுகிறது. ஒரு கணம் கார் இழுக்காமல் தயங்குவது போலிருக்கும், அது பழுதல்ல. தாண்டும் வரை மெல்ல மிதியுங்கள்.

கார் நீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது?

ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிடும், என்ஜின் சத்தம் கூடலாம். அக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். பிரேக் வேண்டாம். டயர் மறுபடியும் தாரைத் தொடும்போது சில்லு திரும்பியோ பூட்டியோ இருந்தால் கார் அந்தப் பக்கம் வெட்டும். குரூஸ் கன்ட்ரோலை மழையில் எப்போதும் அணைத்து வையுங்கள். மிதக்கும்போது அது வேகத்தைத் தக்கவைக்கப் பார்க்கும்.

இது நெடுஞ்சாலைக்கு. நகரத்தில் முன்னால் ஒருவர் பாய்ந்துவிட்டார், கட்டாயம் நிற்க வேண்டும் என்றால், ஏபிஎஸ் உள்ள காரில் பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்தி அப்படியே பிடித்திருங்கள். பெடல் அதிரும், கடகடவென்று சத்தம் வரும். பயந்து காலை எடுப்பவர்கள்தான் அதிகம். ஏபிஎஸ் இல்லாத காரில் சில்லு பூட்டும் இடத்துக்குச் சற்று முன் அழுத்தத்தை நிறுத்த வேண்டும். பூட்டிவிட்டால் கொஞ்சம் விட்டு மறுபடியும் பிடியுங்கள்.

டிராக்ஷன் கன்ட்ரோலை எப்போது அணைக்கலாம்?

சேற்றில் அல்லது ஈரப் புல்லில் புதைந்து, அது விசையைக் குறைத்துக்கொண்டே இருப்பதால் கார் நகரவில்லை என்றால் மட்டும். பல டொயோட்டாக்களில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் டிஆர்சி மட்டும் அணையும். நிறுத்திவைத்து மூன்று விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் வீஎஸ்சியும் அணைந்துவிடும். வெளியே வந்ததும் உடனே இயக்குங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மலையேறும்போது ‘இழுவை போதவில்லை’ என்று அணைப்பவர்கள் உண்டு. வேண்டாம். அங்கேதான் அது தேவை.

ஏபிஎஸ், டிராக்ஷன் விளக்கு இரண்டும் எரிகின்றன. கராஜில் என்ன பார்க்கச் சொல்வது?

முதலில் ஏபிஎஸ் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். காரில் செருகிப் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவிகள் பல என்ஜின் குறியீட்டை மட்டும் காட்டி ‘பிழை ஒன்றும் இல்லை’ என்றுவிடும். டொயோட்டாவில் சி0200 முன் வலச் சில்லு சென்சர், சி0205 முன் இடம், சி0210 பின் வலம், சி0215 பின் இடம்.

குறியீடு சென்சரைக் காட்டினாலும் சென்சரையே மாற்ற வேண்டும் என்றில்லை. மரைன் டிரைவ் ஓரம் நிறுத்தப்படும் கார்களில் உப்புக் காற்றால் கனெக்டரின் பின்கள் பச்சை பூத்திருக்கும். வெள்ளத்தில் ஓடிய காரில் வயர் உறைக்குள் நீர் ஏறியிருக்கும். இன்னொன்று, அண்மையில் சில்லு பெயரிங் மாற்றினீர்களா? இப்போதைய பெயரிங்குகளில் காந்த வளையம் ஒன்று முத்திரைக்குள் இருக்கிறது. அதைத் தலைகீழாக அடித்துப் பூட்டினாலும், காந்தம் இல்லாத மலிவு பெயரிங் போட்டாலும் சென்சருக்கு ஒன்றும் தெரியாது. பெயரிங் மாற்றிய மறுநாள் விளக்கு எரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்டியரிங் கோண சென்சரை மாற்றினாலோ அலைன்மென்ட் பெரிதாகத் திருத்தப்பட்டாலோ பூச்சிய நிலையை மறுபடியும் பதியச் செய்யுங்கள். அது செய்யாத காரில் நேரே போகும்போதே வீஎஸ்சி குறுக்கிடலாம்.

தேங்கிய வெள்ளத்தைக் கடந்த பிறகு பிரேக் பிடிக்கவில்லை.

ஆமர் வீதி, கிருலப்பனைப் பக்கங்களில் மழைநீர் தேங்கிய பின் இது வழக்கமாக வரும் முறைப்பாடு. டிஸ்க்கும் பிரேக் ஷூவும் நனைந்திருக்கும். பின்னால் ட்ரம் உள்ள கார்களில் நீர் உள்ளேயே தங்கிவிடும். வெளியே வந்ததும் பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்து, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இடது காலால் அல்லாமல் வழக்கமான காலாலேயே பிரேக்கை மெல்ல மெல்ல ஆறேழு முறை பிடித்துச் சூடாக்குங்கள். நீர் சில்லின் நடுப்பகுதிக்கு மேல் நின்றால் கடக்கவே வேண்டாம்.

டயர் பஞ்சர். மெல்லிய ஸ்பேர் டயர்தான் இருக்கிறது, மழையும் பெய்கிறது.

அந்தத் தற்காலிக டயருக்கு 420 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது, மழையில் அதிலும் குறைவாக. பஞ்சரானது முன் டயர் என்றால், முன்சில்லு இழுக்கும் காரில் ஸ்பேரை நேரே அங்கே பூட்டாதீர்கள். முதலில் பின் டயர் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்பேரைப் பின்னால் பூட்டுங்கள். இழுக்கும் அச்சில் விட்டம் மாறுபட்டால், இரு சில்லுகளுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்ய வேண்டிவரும், டிராக்ஷன் கன்ட்ரோலும் அநாவசியமாகப் பிரேக் பிடிக்கும். நட்டுகளை நட்சத்திர ஒழுங்கில் இறுக்கி, சுமார் 50 கி.மீ. ஓடிய பின் மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஸ்பேருக்குப் பதிலாகப் பசைக் குப்பியும் கம்ப்ரஸரும் மட்டும் வந்த கார் என்றால், குப்பியின் காலாவதித் திகதியை இன்றே பாருங்கள்.